இ.ஏ. காலேஜ் ஃபுட்பால் 25, டைனஸ்டி மோட்: மைதானத்தைவிட மெனுவில்தான் ஆட்டம்

அமெரிக்கன் ஃபுட்பாலைக் கல்லூரி அணிகளோடு ஆடும் இந்த வீடியோ கேமை வாங்குபவர்களில் இரண்டு வகை உண்டு. தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்காக நின்று பந்தை எறிய வாங்குபவர்கள் ஒரு வகை. கோச்சாக உட்கார்ந்து ஒரு காலேஜ் டீமையே வருஷக்கணக்கில் நடத்திப் பார்க்க வாங்குபவர்கள் இன்னொரு வகை. இந்த விமர்சனம் இரண்டாவது வகைக்காரர்களுக்கு. அல்டிமேட் டீம், ரோட் டு குளோரி என்ற மற்ற மோடுகள் பக்கமே போகவில்லை, கோச்சாக ஆடும் டைனஸ்டி மட்டும்.

அடிப்படை விவரத்தை முடித்துவிடலாம். 2024 ஜூலை 19-ல் வெளியானது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவற்றில் மட்டும் ஓடும். கம்ப்யூட்டருக்கும் பழைய கன்சோல்களுக்கும் கிடையாது. வெளியானபோது விலை 69.99 டாலர், டீலக்ஸ் பதிப்பு 99.99. இதற்கு முந்தைய கேம் 2013-ல் வந்த என்.சி.ஏ.ஏ. ஃபுட்பால் 14. நடுவே 11 வருஷம் காய்ந்து கிடந்ததற்குக் காரணம், தங்கள் உருவத்தைக் காசு கொடுக்காமல் பயன்படுத்துகிறார்கள் என்று எட் ஓ'பானன் உள்ளிட்ட கல்லூரி வீரர்கள் போட்ட வழக்குகள். இ.ஏ.வும் உரிம நிறுவனமும் 4 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டு ஒதுங்கின. வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021-ல் விதி மாறிய பிறகுதான் கதவு திறந்தது. இந்த முறை சம்மதித்த வீரருக்குத் தலைக்கு 600 டாலரும் ஒரு கேமும் கொடுத்தார்கள். 134 அணிகள், அவற்றில் சம்மதித்த நிஜ வீரர்கள், எல்லாம் உள்ளே இருக்கிறது.

கோச்சுகள் மட்டும் இல்லை. 25-ல் உள்ளவர்கள் எல்லோரும் கற்பனைப் பெயர்கள். கோச் வேலையை விற்கும் மோடில் ஒரு நிஜ கோச்கூட இல்லாதது உறுத்தத்தான் செய்கிறது. 2025 ஜூலை 10-ல் வந்த அடுத்த கேமான 26-ல் 300-க்கும் மேற்பட்ட நிஜ கோச்சுகளைச் சேர்த்தார்கள். பெயர்தான் முக்கியம் என்பவர்கள் நேராக அதற்கே போய்விடலாம். கீழே சொல்லும் ரெக்ரூட்டிங் மணிக்கணக்கு முழுவதும் 25-க்கு உரியது.

சரி, ஒரு கோச்சின் வாழ்க்கையை இந்த மோட் எவ்வளவு தூரம் பிடித்திருக்கிறது? அளந்து பார்க்க, கல்லூரி ஃபுட்பாலின் புகழ்பெற்ற கோச் நிக் சேபனை எடுத்துக்கொள்வோம். 1970-களின் தொடக்கத்தில் கென்ட் ஸ்டேட்டில் தற்காப்பு வீரர். 1973-ல் அங்கேயே டான் ஜேம்ஸின் கீழ் பட்டதாரி உதவியாளர். பிறகு ஊர் ஊராகத் துணைக் கோச் வேலை. 1990-ல்தான் டொலீடோவில் முதல் முறையாகத் தலைமைக் கோச். 9 வெற்றி, 2 தோல்வி. ஒரே சீசனில் அதையும் விட்டுவிட்டுத் தொழில்முறை லீக்கில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸின் தற்காப்புப் பொறுப்பாளராக நான்கு வருஷம். 1995-ல் மிஷிகன் ஸ்டேட், 2000-ல் லூசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யூ.), 2003 சீசனில் முதல் தேசியப் பட்டம். மறுபடி தொழில்முறை லீக்கில் இரண்டு வருஷம் மயாமி டால்ஃபின்ஸ். 2007 முதல் 2023 வரை அலபாமாவில் 17 சீசன், இன்னும் ஆறு பட்டங்கள்.

இதில் எவ்வளவு இந்த மோடில் நடக்கும்? முதல் 17 வருஷத்தின் பெரும்பகுதி இல்லை. தலைமைக் கோச், தாக்குதல் பொறுப்பாளர், தற்காப்புப் பொறுப்பாளர் ஆகிய மூன்று நாற்காலிகள்தான் இந்த கேமில் ஒரு டீமின் மொத்த ஊழியர் பட்டியல். லைன் கோச், ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) கோச், செகண்டரி (பின்வரிசைத் தற்காப்பு) கோச் யாரும் கிடையாது. சேபன் தொழில் கற்றதே செகண்டரி கோச்சாக இருந்துதான். தொழில்முறை லீக்குக்குப் போய்த் திரும்புவதும் இங்கே இல்லை. ஆனால் டொலீடோ முதல் அலபாமா வரையிலான ஏற்றம், சின்ன இடத்தில் ஜெயித்துப் பெரிய இடம் கூப்பிடும்போது மூட்டை கட்டுவது, அதை நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

தொடங்கும்போது ரெக்ரூட்டர், மோட்டிவேட்டர், டாக்டீஷியன் என்ற மூன்று குணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். சின்னக் காலேஜில் ஆரம்பிப்பவர் யோசிக்காமல் ரெக்ரூட்டர் எடுக்கலாம். டாக்டீஷியன் எடுத்தால் மைதானத்தில் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் கன்ட்ரோலரில் கை பழகியவருக்கு அந்த உதவி தேவையே படாது. மோட்டிவேட்டர் நல்ல ஆள்தான். வீரர்களை வளர்ப்பதில் அவர் பலம் மூன்று நான்கு சீசன் கழித்துத்தான் தெரியும், அதற்குள் வேலை போய்விட்டால் பயனில்லை. அனுபவப் புள்ளி சேரச் சேர கலப்புக் குணங்கள் திறக்கும். உச்சியில் புரோகிராம் பில்டர், சி.இ.ஓ. இரண்டும் இருக்கின்றன. கோச்சுக்கென்று, பையன்களைப் பிடிக்கச் செல்வாக்குள்ள ஒரு வட்டாரமும் தேர்ந்தெடுக்க வேண்டும். காலேஜ் எந்த வட்டாரத்தில் ஏற்கெனவே செல்வாக்காக இருக்கிறதோ அதையே கோச்சுக்கும் கொடுப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். அடுத்தடுத்து காலேஜ் மாறும் எண்ணம் இருந்தால் அது தப்புக் கணக்கு. டெக்சஸ், ஃபுளோரிடா போல வீரர்கள் கொட்டிக் கிடக்கும் வட்டாரமாக எடுத்துக்கொண்டால் எங்கே போனாலும் கூடவே வரும்.

இனி நிஜமான ஆட்டம், அதாவது ரெக்ரூட்டிங். பள்ளி மாணவர்களைக் காலேஜுக்கு இழுக்கும் இந்த வேலையில்தான் நேரத்தின் பெரும்பகுதி போகும். பட்டியலில் ஒரே சமயத்தில் 35 பேரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வாரமும் உங்களுக்குக் குறிப்பிட்ட மணி நேரம் கிடைக்கும். காலேஜின் அந்தஸ்தைப் பொறுத்து அது கூடும், குறையும். செலவுப் பட்டியல் இப்படி: ஒருவரை ஆராய 10 மணி. ஸ்காலர்ஷிப் கொடுக்க 5, அது ஒரு தடவைச் செலவு. சோஷியல் மீடியாவில் தேட 5. நேரடியாகச் செய்தி அனுப்ப 10. குடும்பத்தையும் நண்பர்களையும் பார்க்க 25. எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய் இறங்கும் 'சென்ட் தி ஹவுஸ்' 50. இவை வாரா வாரம் கழியும். பிந்தைய கட்டத்தில் வரும் பேரப் பேச்சுகளில் (கீழே விளக்குகிறேன்) சாஃப்ட் செல் 20, ஸ்வே 30, ஹார்ட் செல் 40. வளாகத்துக்கு அழைக்க 40.

புதிதாக வருபவர்கள் எல்லாருமே செய்யும் தப்பு ஒன்றுதான்: அகலக்கால் வைப்பது. 35 பேரையும் பட்டியலில் ஏற்றி ஆளுக்கு 10 மணி தூவுவார்கள். நாலாவது வாரம் பார்த்தால் ஒருவர் பட்டியலிலும் அவர்கள் காலேஜ் முதல் மூன்றில் இல்லை. உதாரணத்துக்கு வாரம் 400 மணி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 25 வீதம் 16 பேருக்குப் போகும், 50 வீதம் 8 பேருக்குத்தான் போகும். 12 பேரைக் குறிவைத்து, அதில் நாலு பேருக்கு 50, எட்டுப் பேருக்கு 25 என்று வைத்தால் கணக்கு சரியாக 400-ல் முடியும். ஸ்காலர்ஷிப்புக்கான 5 மணியை சீசன் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் ஸ்காலர்ஷிப் கொடுக்காத பையனிடம் எவ்வளவு பேசினாலும் அது விழலுக்கு இறைத்த நீர். போட்டியே இல்லாத இரண்டு நட்சத்திர, மூன்று நட்சத்திரப் பையன்கள் (ஐந்து நட்சத்திரம்வரை போகும் திறமை மதிப்பீடு இது) சிலர் ஸ்காலர்ஷிப் ஒன்றுக்கே தலையாட்டிவிடுவார்கள். அவர்களை 5 மணியில் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

ஆராய்வதற்கு 10 மணி செலவழிக்கத் தயங்கக் கூடாது. நட்சத்திர எண்ணிக்கை ஏமாற்றும். ஆராய்ந்த பிறகு பச்சை ரத்தினக் குறி வந்தால் நட்சத்திரத்தைவிட நல்ல ஆள், சிவப்புக் குறி வந்தால் சரக்கு இல்லை. மூன்று நட்சத்திரத்தில் பச்சை விழுந்தவர்தான் சின்னக் காலேஜின் உயிர்நாடி. பெரிய காலேஜுகள் அவரை எட்டிப் பார்ப்பதற்குள் கையெழுத்து வாங்கிவிடலாம். வளர்ச்சித் தரம் என்று இன்னொன்று இருக்கிறது: நார்மல், இம்பாக்ட், ஸ்டார், எலைட். முதல் வருஷ மதிப்பெண்ணைவிட நாலு வருஷத்துக்கு இதுதான் பேசும்.

அடுத்தது பேரம். ஒவ்வொரு காலேஜுக்கும் 14 அம்சங்களில் ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் உண்டு: ஆட வாய்ப்பு, ஆடும் பாணி, சாம்பியன் பட்டம் வெல்லும் வாய்ப்பு, மைதானச் சூழல், வீட்டுக்கு அருகில் இருப்பது, படிப்பு, கோச்சின் நிலைத்தன்மை, கோச்சின் மதிப்பு என்று போகும். பையனுக்கு அதில் மூன்று மட்டும்தான் மனசில் இருக்கும். அந்த மூன்றும் தெரியும்வரை குடும்பத்தைப் பார்க்கும் 25 மணி வேலையைத் தொடருங்கள். தெரியாமல் ஹார்ட் செல்லில் குதித்தால் 40 மணி காற்றோடு போகும். நீங்கள் முன்வைக்கும் அம்சங்கள் மூன்றும் அவன் ஆசையோடு பொருந்தி, அந்த மூன்றிலும் உங்கள் காலேஜ் தரம் பி-க்கு மேலே இருந்தால் ஹார்ட் செல். இரண்டுதான் பொருந்துகிறதென்றால் சாஃப்ட் செல் போதும். மூன்றும் பொருந்தியும் தரம் சி, டி என்று இருந்தால் ஹார்ட் செல் செய்யவே கூடாது. உங்கள் குறையை நீங்களே போய் உரக்கச் சொன்ன மாதிரி ஆகும். அங்கேதான் ஸ்வே: பையனின் ஆசையையே உங்களுக்கு வசதியான பக்கம் திருப்புவது. மெதுவாகத்தான் வேலை செய்யும்.

வளாக அழைப்பு, பையன் தன் பட்டியலை ஐந்து காலேஜாகக் குறைத்த பிறகு திறக்கும். ஒரு வாரத்துக்கு நாலு பேரை அழைக்கலாம். குவார்ட்டர்பேக்கையும் ரிசீவரையும் ஒரே நாளில் அழைத்தால் இருவருக்கும் பலன் கூடும். இரண்டு குவார்ட்டர்பேக்கைச் சேர்த்து அழைத்தால் குறையும். ஒரே நாற்காலிக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டால் யாருக்குத்தான் சந்தோஷம். அன்றைய ஆட்டத்தில் ஜெயித்தால் பலன் ஏறும், தோற்றால் இறங்கும். ஆகவே பலமான எதிரி வரும் நாளைக் கவர்ச்சிக்காகத் தேர்ந்தெடுப்பது சூதாட்டம். ஜெயிப்பது நிச்சயம் என்று தோன்றும் உள்ளூர் ஆட்டத்துக்கே அழையுங்கள்.

'டீல் பிரேக்கர்' என்ற ஒன்றைப் பார்க்காமல் பட்டியல் போடுவதுதான் இரண்டாவது பெரிய தப்பு. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு அம்சம் கட்டாயம். அதில் அவன் கேட்கும் குறைந்தபட்சத் தரம் உங்களிடம் இல்லையென்றால் கதவு சாத்தியாகிவிட்டது. இது சேர்ந்த பிறகும் விடாது. ஆட வாய்ப்பைக் கட்டாயமாக வைத்த குவார்ட்டர்பேக் ஒருவன் இருக்கும்போது அதே இடத்துக்கு இன்னும் இரண்டு பேரைப் பிடித்துப் போட்டால், அவனுக்கான தரம் சரிந்து, சீசன் முடிந்ததும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (காலேஜ் மாற விரும்புபவர்களின் பட்டியலில்) நிற்பான். அப்போது சமாதானம் பேச வாய்ப்பு உண்டு, ஆனால் வாய்ப்புகள் எண்ணிக்கையில் குறைவு. திரையில் காட்டும் நம்பிக்கை அளவைப் பார்த்துத் தேறுகிறவர்களுக்கு மட்டும் செலவழியுங்கள். கோச்சின் நிலைத்தன்மையைக் கட்டாயமாக வைத்தவர்களும் உண்டு. நீங்கள் வேலை போகும் நிலைக்கு வந்தால் முதலில் கழன்றுகொள்வது அவர்கள்தான். நிஜத்திலும் கோச் தடுமாறினால் முதலில் காலியாவது பயிற்சி பெறும் பையன்களின் அறைகளே, அதனால் இந்த இடத்தில் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு சபாஷ்.

போர்ட்டல் நாலு வாரம் நடக்கும். பள்ளிப் பையன்களுக்கு சீசன் முழுக்கக் கிடைத்த அவகாசம் இங்கே இல்லை, ஆகவே மணிகளை நாலைந்து பேர்மேல் மொத்தமாக இறக்க வேண்டும். அதற்குப் பிறகு மொத்த எண்ணிக்கை 85-க்குள் வந்தாக வேண்டும். 20 பேர் வெளியேறும் வருஷத்தில் 33 பேரைச் சேர்த்தால் 13 பேரை நீங்களே வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். கடைசி வருஷக்காரர்கள், தொழில்முறை லீக்குக்குக் கிளம்பக்கூடியவர்கள், போர்ட்டலுக்குப் போகக்கூடிய மூன்று நாலு பேர், இந்தக் கூட்டல்தான் அந்த வருஷ ரெக்ரூட்டிங் இலக்கு. சீசன் நடுவிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இதை ஒரே திரையில் சேர்த்துக் காட்டும் வசதி கேமில் இல்லை.

மெனுவைப் பற்றித் திட்டாமல் இருக்க முடியாது. ஒரு பையனைத் திறக்க ஒரு திரை, அவன் ஆசைகளைப் பார்க்க இன்னொன்று, உங்கள் தரத்தோடு ஒப்பிட மூன்றாவது. திரைக்குத் திரை அரை விநாடி தயங்குகிறது. 12 பேருக்கு வாரா வாரம் இதைச் செய்யும்போது அந்த அரை விநாடிகள் எல்லாம் சேர்ந்து எரிச்சலாகத் திரளுகின்றன.

மைதானத்துக்கு வருவோம். ஆட்டக் களத்தில் இந்த கேமின் சாதனை, வெளியூர் மைதானத்தின் சத்தம். டெக்சஸ் ஏ அண்ட் எம்-மின் கைல் ஃபீல்டில் நாலாவது குவார்ட்டர், மூன்றாவது டவுன் (பத்து கெஜம் நகரக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் மூன்றாவது), எட்டு கெஜம் பாக்கி. திரை குலுங்குகிறது. ரிசீவர்கள் எந்தப் பாதையில் ஓடப் போகிறார்கள் என்று காட்டும் கோடுகள் புழுவைப் போல நெளிகின்றன. முதல் வருஷப் பையனின் பாதை என்னவென்றே படிக்க முடியவில்லை. ஆட்டத்தை மாற்றிச் சொல்ல நினைத்தால் அது சரியாகப் போய்ச் சேருமா என்பதும் சந்தேகம். இந்த நிலைக்கு மருந்து, முன்கூட்டியே மனப்பாடமாகத் தெரிந்த நாலைந்து பிளேக்களை (ஆட்ட உத்திகளை) மட்டும் அழைப்பது. குவார்ட்டர்பேக் மூன்று நாலு வருஷம் ஆடியவராக இருப்பது. டைம்-அவுட்டில் ஒன்றையாவது கடைசிவரை மிச்சம் வைப்பது. பந்தோடு ஓடி இரண்டு தடவை அந்தப் பத்து கெஜத்தைக் கடந்து முதல் டவுன் எடுத்தாலே கூட்டம் அடங்கத் தொடங்கும்.

இ.ஏ. வெளியிட்ட கடினமான மைதானப் பட்டியலில் முதலிடம் கைல் ஃபீல்ட், இரண்டாவது அலபாமாவின் பிரையன்ட்-டென்னி. அந்த மைதானத்தின் பெயரில் வரும் பால் 'பேர்' பிரையன்ட் இரண்டு காலேஜிலும் கோச்சாக இருந்தவர்: 1954 முதல் 57 வரை ஏ அண்ட் எம், 1958 முதல் 82 வரை அலபாமா. ஏ அண்ட் எம்-மில் அவருடைய முதல் சீசன் 1 வெற்றி, 9 தோல்வி. இரண்டே வருஷத்தில் 1956-ல் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி லீக்கின் சாம்பியன். கேமில் முதல் வருஷம் 1-9 போட்டால் இந்த மாதிரி அவகாசம் கிடைக்காது. ஒப்பந்த இலக்குகள் ஒவ்வொன்றாகச் சிவந்து, வேலைப் பாதுகாப்பு சரசரவென்று இறங்கும். ஆகவே பெரிய காலேஜில் முதல் வேலையை ஏற்பதற்கு முன் இலக்குகளைப் படியுங்கள். எதிர்பார்ப்பு குறைவான இடத்தில் எட்டு வெற்றி, எதிர்பார்ப்பு கூடிய இடத்தில் எடுக்கும் பத்து வெற்றியைவிட உங்கள் மதிப்பை அதிகம் ஏற்றும்.

வேலை போவதைப் பற்றி ஒரு குறை. இங்கே கோச்சை நீக்குவதற்குப் பைசா செலவில்லை. நிஜத்தில் அதே ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது ஒப்பந்தப்படி கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். கல்லூரி நிர்வாகம் ஒரு கோச்சைத் தாங்குவதும் தூக்கி எறிவதும் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. அது இல்லாததால் கேமின் கோச் சந்தை கொஞ்சம் பொம்மைக் கடை மாதிரி இருக்கிறது. வீரர்களுக்கான பணமும் டைனஸ்டியில் இல்லவே இல்லை. பையன் மைதானச் சூழலையும் படிப்பையும் பார்த்து முடிவெடுப்பான், காசைப் பற்றி வாயே திறக்க மாட்டான். 2025 ஜூலை முதல் காலேஜே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பகிரலாம் என்று வந்துவிட்டது, 2025-26-க்கு வரம்பு 2.05 கோடி டாலர். 85 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பும் போய், மொத்தம் 105 வீரர்கள் என்று மாறிவிட்டது. அந்த வகையில் இது ஏற்கெனவே கடந்துபோன ஒரு காலத்தின் கோச் வேலை. அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, பழைய முறை விளையாட்டுக்கு இன்னும் பொருத்தம்.

அமைப்பு பற்றிச் சில வார்த்தை. குவார்ட்டருக்கு 10 நிமிடம் வைத்து, பிளேக்களுக்கு நடுவே நேரத்தை ஓட்டிவிடும் வேகக் கடிகாரத்தை 20 விநாடிக்கு இறக்கினால் ஒரு டீமுக்கு நிஜத்தை ஒட்டிய எண்ணிக்கையில் பிளே வரும். 4, 5 நிமிடத்தில் ஆடினால் குவார்ட்டர்பேக்கின் கெஜக் கணக்கு குறைந்து, 'ஆடும் பாணி' தரமும் சேர்ந்து அடிவாங்கும். பிறகு நல்ல குவார்ட்டர்பேக் ஏன் வரமாட்டேன் என்கிறான் என்று குழம்ப வேண்டாம். கடினம் நாலு நிலை: ஃப்ரெஷ்மன், வார்சிட்டி, ஆல்-அமெரிக்கன், ஹைஸ்மன். வார்சிட்டியில் கென்ட் ஸ்டேட்டைக்கூட மூன்று சீசனில் 12 அணி பிளேஆஃபுக்குக் கொண்டுபோய்விடலாம், சுவை இருக்காது. ஆல்-அமெரிக்கனே சரியான இடம். பந்தை ஏந்தி ஓடும் ஒரே ரன்னிங் பேக்கிடம் ஆட்டத்துக்கு 30 தடவை பந்தைக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இதில் உடலின் பாகம் பாகமாகத் தேய்மானம் கணக்கிடப்படுகிறது. அடி சேரச் சேர வேகம் குறையும், காயத்தின் வாய்ப்பு ஏறும். இரண்டாவது ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுப்பதே கணக்கு.

நண்பர்களோடு சேர்ந்து ஆட நினைத்தால் ஆன்லைன் டைனஸ்டியில் 32 பேர் வரை சேரலாம். பிளேஸ்டேஷன்காரரும் எக்ஸ்பாக்ஸ்காரரும் ஒரே டைனஸ்டிக்குள் வர முடியாது, ஆகவே யார் யாரிடம் என்ன கன்சோல் என்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். வாரத்தை யார், எப்போது நகர்த்துவது என்பதையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தன் மணிகளை ஒதுக்கும் முன்பே வாரம் நகர்ந்துவிட்டால் அந்த வாரம் அவருக்குப் போனது போனதுதான்.

ஒரு டைனஸ்டி 30 சீசன் ஓடும், அதற்கு மேல் நீட்ட வழியில்லை. சேபனின் கல்லூரித் தலைமைக் கோச் வாழ்க்கை 28 சீசன், அதற்குள் அடங்கிவிடும். பிரையன்டின் 38-ம் பென் ஸ்டேட்டின் கோச்சாக இருந்த ஜோ பட்டர்னோவின் 46-ம் அடங்காது. சாதாரண வேகத்தில் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஆடி, ஒவ்வொரு வார ரெக்ரூட்டிங்கையும் கையால் செய்தால் 30-ஐ எட்டுவதற்குள் அடுத்தடுத்த கேம்கள் வந்துவிடும். அதனால் முதல் ஐந்து சீசனைக் கையால் ஆடிவிட்டு, பிறகு பெரிய ஆட்டங்களை மட்டும் ஆடி மற்றதைத் தானாக ஓடவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். ரெக்ரூட்டிங்கை மட்டும் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடாதீர்கள். நாலு குவார்ட்டர்பேக்கையும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஆஃபென்சிவ் லைன்மேன் இரண்டே பேரையும் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்.